கீபோர்டு பட்டன்கள்: மேடையில் காலை வாரும் தவறுகள்

தைப்பூசம் நெருங்கும் வாரங்களில் பினாங்கில் ஒரே கீபோர்டு பல கைகளுக்கு மாறும். வெள்ளிக்கிழமை மாலை பஜனை, சனிக்கிழமை பட்டர்வொர்த்தில் கல்யாண விருந்து, ஞாயிறு காலை பிள்ளைகளுக்குத் தேவார வகுப்பு. கடைசியாக வாசித்தவர் எந்தப் பட்டனை எந்த நிலையில் விட்டுப் போனார் என்பது அடுத்து உட்காருகிறவருக்குத் தெரியாது. பாட்டைத் தொடங்கியதும் சுருதி விலகும், இடது கைப் பக்கம் ஊமையாகிவிடும், கேட்காத தாளம் தானே ஓடும். வாசிப்பவரின் விரலில் பிழை இருக்காது. முன்பக்கப் பட்டன்களில் பெரும்பாலானவை அழுத்தியதும் ஒரு நிலையைப் பிடித்துக்கொண்டு, மறுபடி மாற்றும்வரை அதிலேயே நிற்பவை. அந்த நிலையைப் பார்க்காமல் வாசிக்கத் தொடங்குவதில்தான் பிழை.

கட்டையும் டிரான்ஸ்போஸும்

நம் குழுக்களில் அதிகம் நடக்கும் தவறு இது. பாடுகிறவர் தம் சுருதியைக் கட்டைக் கணக்கில் “5 கட்டை” என்கிறார். வாசிப்பவர், கருவி முழுவதன் சுருதியையும் ஏற்றி இறக்கும் டிரான்ஸ்போஸ் பட்டனை 5 முறை தட்டித் திரையில் +5 வந்ததும் சரியென்று நினைக்கிறார். டிரான்ஸ்போஸ் எண்ணுவது அரைச்சுரங்களை (கறுப்பும் சேர்த்து, அடுத்தடுத்த இரு விசைகளுக்கு இடையிலான தூரம் ஒரு அரைச்சுரம்); கட்டைக் கணக்கு வேறு. 1 கட்டை என்பது சி. 1½ சி ஷார்ப், 2 டி, 2½ டி ஷார்ப், 3 இ, 4 எஃப், 4½ எஃப் ஷார்ப், 5 ஜி, 5½ ஜி ஷார்ப், 6 ஏ, 6½ ஏ ஷார்ப், 7 பி. சி-யில் விரல் வைத்து வாசிப்பவர் +5 போட்டால் கிடைப்பது எஃப், அதாவது 4 கட்டை. பாடகி கேட்டதைவிட ஒரு முழுச்சுரம் கீழே நிற்கும். 2 கட்டைக்கு +2 தற்செயலாகப் பொருந்திவிடுவதால் இந்தத் தவறு நெடுநாள் வெளியே தெரியாமலே இருக்கும். பிறகு ஒருநாள் 5½ கட்டைக்காரர் வந்து மைக்கைப் பிடிக்கும்போது எல்லார் முன்னிலையிலும் வெளிப்படும்.

5 கட்டைக்கு +7 போடலாம், -5-உம் போடலாம். இரண்டிலும் சி-யை அழுத்தினால் ஜி-தான் ஒலிக்கும்; உயரம் மட்டும் ஒரு ஸ்தாயி வேறுபடும். இதில் -5 நல்லது. +7-இல் ஸ்டிரிங்ஸும் புல்லாங்குழலும் கீச்சென்று போய்ப் பாடுகிறவரின் குரலோடு மோதும். 5½-க்கு -4, 6-க்கு -3, 2½-க்கு +3 என்று வைத்துக்கொள்ளுங்கள். வலது கை தாழ்ந்து ஒலித்தால் ஆக்டேவ் பட்டனால் ஒரு படி ஏற்றலாம். ரோலண்ட் ஜூனோ-டிஎஸ்ஸில் டிரான்ஸ்போஸ் -5 முதல் +6 வரைதான் போகும். 12 சுருதிக்கும் அதுவே போதும், ஆனால் +7, +8 தேடினால் கிடைக்காது.

ஆக்டேவ் பட்டன் பல கருவிகளில் டிரான்ஸ்போஸுக்குப் பக்கத்திலேயே இருக்கும். ஒரு தட்டுக்கு 12 அரைச்சுரம் தாண்டும். இருட்டு மேடையில் கை மாறிப் போனால் சுருதி சரியாக இருக்கும், குரலுக்குத் துணை நிற்க வேண்டிய ஒலி மட்டும் எங்கோ தரையில் கிடக்கும். டிரான்ஸ்போஸானாலும் ஆக்டேவானாலும் கூட்டல், கழித்தல் பட்டன்களை ஒன்றாக அழுத்தினால் பெரும்பாலான கருவிகளில் 0-க்குத் திரும்பிவிடும். பாட்டு தொடங்குமுன் இதைச் செய்துவிட்டு, அதன்பின் தேவையானதைப் போடுங்கள்.

பாட்டின் நடுவில் விரலை எடுக்காமல் டிரான்ஸ்போஸை மாற்றாதீர்கள். பல கருவிகளில், அழுத்திப் பிடித்திருக்கும் சுரம் பழைய சுருதியிலேயே நிற்க, அடுத்து அழுத்துவது புதிய சுருதியில் வரும். அரை நொடிக்கு இரண்டு சுருதியும் சேர்ந்து ஒலிப்பது பந்தலின் கடைசி வரிசை வரை கேட்கும்.

நாதஸ்வரத்தோடோ பழைய ஆர்மோனியத்தோடோ சேரும்போது விலகல் அரைச்சுரத்துக்கும் குறைவாக இருக்கலாம். அங்கே டிரான்ஸ்போஸ் உதவாது. ஃபங்ஷன் மெனுவுக்குள் இருக்கும் டியூனிங்கில்தான் திருத்த வேண்டும். வழக்கமான நிலை 440 ஹெர்ட்ஸ். யமஹா பிஎஸ்ஆர்-இ வரிசையில் 427-இலிருந்து 453 வரை நகர்த்தலாம். நிகழ்ச்சி முடிந்ததும் 440-க்குக் கொண்டுவந்து வையுங்கள், ஏனென்றால் இந்த மாற்றம் எந்தப் பட்டன் விளக்கிலும் தெரியாது.

இடது கை ஏன் ஒலிக்கவில்லை

யமஹா கீபோர்டில் ஏசிஎம்பி (தானியங்கிப் பின்னணி இசை) என்று எழுதிய பட்டனின் விளக்கு எரிந்தால், இடப்பக்கத்தையும் வலப்பக்கத்தையும் பிரிக்கும் ஸ்பிளிட் புள்ளிவரை உள்ள கட்டைகள் (இங்கே சுருதி அல்ல, அழுத்தும் விசைகள்) கார்டை, அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டத்தை, கண்டுபிடிக்கும் இடமாக மாறிவிடும். வழக்கமான ஸ்பிளிட் எஃப் ஷார்ப் 2. 61 கட்டைக் கருவியில் இடப்பக்கம் முதல் 19 கட்டைகள் அதில் அடங்கும். பஜனையில் இடது கையால் சுரக்கோவை வாசிப்பவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். வாசித்த சுரங்களை மெட்டாகக் கேட்க வைக்காமல் கருவி கார்டாக எடுத்துக்கொண்டு, தாளத்தின் பின்னணி இசையைத் தாறுமாறாக மாற்றும். தாளம் மட்டும் வேண்டுமென்றால் ஏசிஎம்பியை அணைத்துவிட்டு ஸ்டார்ட்டை அழுத்துங்கள். டிரம்ஸ் மட்டும் ஓடும், 61 கட்டையும் உங்கள் கையில் இருக்கும்.

அதைவிடக் கவனமாக இருக்க வேண்டியது சிங்க் ஸ்டார்ட். அந்த விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தால் முதல் தொடுதலுக்காகத் தாளம் காத்திருக்கிறது என்று அர்த்தம். தீபாராதனை நேரத்தில் எல்லாரும் அமைதியாக நிற்கும்போது ஜிப்பாவின் கை நுனி பட்டால் போதும். ஓடிஎஸ் (ஒன் டச் செட்டிங்) பட்டன்கள் 1 முதல் 4 வரை எதை அழுத்தினாலும் ஸ்டைலுக்கு, அதாவது ஓடும் தாளப் பின்னணிக்கு, பொருத்தமான வாய்ஸ் (வாத்திய ஒலி) வருவதோடு ஏசிஎம்பியும் சிங்க் ஸ்டார்ட்டும் தாமாகவே எரியத் தொடங்கும். நல்ல வாய்ஸ் கிடைத்ததே என்று கைகட்டி உட்காராமல் அந்த இரண்டு விளக்கையும் பாருங்கள். சிங்க் ஸ்டாப் இதற்கு நேர்மாறு: இடது கையை எடுத்த நொடியில் தாளம் நின்றுவிடும். “பாட்டு நடுவே ரிதம் கட்டாகிறது” என்று ரிப்பேர் கடைக்குக் கொண்டுபோகுமுன் இதைச் சரிபாருங்கள்.

பதிவு செய்யும் பட்டன்கள்

வாய்ஸ், ஸ்டைல், வேகம், எஃபெக்ட் எல்லாம் அமைத்துவிட்டுச் சேமிக்காமல் வேறு வாய்ஸுக்குப் போனால் செய்த திருத்தம் போய்விடும். சேமிக்க ரோலண்டிலும் கோர்க்கிலும் ரைட் பட்டன், யமஹா அரேஞ்சர்களில் (தாளப் பின்னணியைத் தானே வாசிக்கும் கீபோர்டுகளில்) ரெஜிஸ்ட்ரேஷன் மெமரி. பலருக்கும் இது தெரியும். தெரியாமல் போவது மறுபக்கம்: மெமரியோடு எண் பட்டனைச் சேர்த்து அழுத்தும்போது, அந்த எண்ணில் முன்பு இருந்தது அழிந்துவிடும். 3-ஐக் கூப்பிட வேண்டிய அவசரத்தில் மெமரியும் சேர்ந்துவிட்டால், கல்யாணத்துக்காக ஒரு வாரம் அமைத்து வைத்தது அந்தக் கணமே போய்விடும். பகிர்ந்து பயன்படுத்தும் கருவியில் குழுவுக்கு ஒரு பேங்க் (பதிவுகளின் தொகுப்பு) என்று ஒதுக்குங்கள். யூஎஸ்பியிலும் ஒரு பிரதி இருக்கட்டும். ரெஜிஸ்ட்ரேஷனோடு டிரான்ஸ்போஸும் பதிவாகும் கருவிகள் உண்டு. அப்படியானால் பழைய பதிவைக் கூப்பிட்டதும் நீங்கள் போட்ட கட்டை மாறிப்போகும். பாட்டுக்குப் பாட்டு ஸ்டைல் மாறக்கூடாது என்றால், அதை அப்படியே நிறுத்திவைக்கும் ஃப்ரீஸ் பட்டனை எரியவிடுங்கள்.

கருவியை ஆன் செய்யும் முறையிலும் இரண்டு தவறு உண்டு. சஸ்டெயின் பெடலில் கால் வைத்தபடியே ஆன் செய்தால் பல கருவிகள் பெடலின் திசையைத் தலைகீழாக எடுத்துக்கொள்ளும். மிதித்தால் ஒலி நிற்கும், விட்டால் நீளும். அணைத்து, காலை எடுத்துவிட்டு மறுபடி ஆன் செய்தால் சரியாகிவிடும். பிஎஸ்ஆர்-இ வரிசையில் வலது ஓரத்தின் கடைசி வெள்ளைக் கட்டையைப் பிடித்தபடி ஆன் செய்வது சேமித்த அமைப்புகளை அழிக்கும் வழி. ஏதோ பிழை தீரும் என்று யாராவது சொல்ல, அடுத்தவர் பதிவுகள் உள்ள கருவியில் அதைச் செய்யாதீர்கள். இடது ஓரக் கட்டையைப் பிடித்தபடி ஆன் செய்தால் ஆட்டோ பவர் ஆஃப் நிற்கும். இதைக் கட்டாயம் செய்யுங்கள்: வழக்கமாக 30 நிமிடம் யாரும் தொடாவிட்டால் கருவி தானே அணையும். நம் விழாக்களில் தலைவர் உரை அதற்கு மேலும் போகும், சேமிக்காதது அத்தனையும் அதோடு போய்விடும்.

பட்டன் ஒட்டிக்கொண்டால்

தீவின் கடற்காற்றில் உப்பும் ஈரமும் உண்டு. ஏர்கோன் அறையில் குளிர்ந்த கீபோர்டைத் திறந்த மண்டபத்துக்குக் கொண்டுவந்தவுடன் உறையைக் கழற்றினால் உள்ளே நீர் படியும். உறையோடு அரைமணி நேரம் விட்டுவிட்டுத் திறங்கள். பட்டனுக்கு அடியில் இருப்பது சின்னத் தட்டு சுவிட்ச், அல்லது கரி பூசிய ரப்பர். தொடும் இடத்தில் அழுக்குப் படிந்தால் ஒருமுறை அழுத்தியது இரண்டாகப் பதியும், அல்லது பதியவே பதியாது. அப்போது இன்னும் பலமாகக் குத்துவது சுவிட்ச் ஒட்டிய பலகையை வளைத்து ஈயப் பற்றை விரிசல் விட வைக்கும். துருப்பிடித்த பூட்டுக்கு அடிக்கும் எண்ணெய் ஸ்பிரேயைப் பட்டன் இடுக்கில் அடிப்பது அதைவிட மோசம். எண்ணெய் பரவித் தூசியைப் பிடித்து, நன்றாக இருந்த பக்கத்துப் பட்டன்களையும் கெடுக்கும். மின்னணு வேலை தெரிந்தவர் திறந்து, ரப்பராக இருந்தால் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைப்பார். தட்டு சுவிட்சாக இருந்தால் அதை மட்டும் மாற்றுவார்.

சரஸ்வதி பூசையன்று கருவிக்குச் சந்தனமும் குங்குமமும் வைப்பதைப் பின்பக்கச் சட்டத்தில் வையுங்கள். முன்பக்கத்தில் வைத்தால் காய்ந்த சந்தனமும் விபூதியும் பட்டன் இடுக்கு வழியே நேராகச் சுவிட்சில் போய் விழும்.