கழுத்துக் கத்தி: அணிவதிலும் தீட்டுவதிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கத்தி கையைக் கிழிக்கும் என்று யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் கழுத்தில் உறையோடு தொங்கும் 5 முதல் 8 செ.மீ. நீள அலகுள்ள சிறு கத்திக்கென்றே சில தவறுகள் உண்டு. பழகியவர்கள் ஒரு காலத்தில் செய்ததையே புதியவர்களும் பிசகாமல் செய்கிறார்கள்.

அறாத கயிறு

பாராகார்டை (பாராசூட் நைலான் கயிறு) முடிச்சுப் போட்டு மாட்டிக்கொள்வது. 550 வகைக் கயிறு சுமார் 250 கிலோ தாங்கும். கிளையிலோ கதவுக் கைப்பிடியிலோ சிக்கினால் அது விட்டுக்கொடுக்காது. இழுத்தால் தானே கழலும் பிளாஸ்டிக் கொக்கி ஒன்றை நடுவில் சேருங்கள். சேர்த்த பிறகு வெடுக்கென்று இழுத்துப் பாருங்கள். கழலாத கொக்கியும் முடிச்சும் ஒன்றுதான்.

நம்பி மாட்டிய உறை

கத்தி தலைகீழாகத் தொங்குகிறது. அதைப் பிடித்து வைத்திருப்பது உறையின் இறுக்கம் மட்டுமே. கழுத்தில் போடுமுன் மெத்தைக்கு மேல் பிடித்து இருபது தடவை பலமாக உலுக்குங்கள். நழுவினால் அணியாதீர்கள். ரொம்ப இறுக்கமும் ஆபத்து: வெடுக்கென்று உருவினால், உறை விட்ட கணத்தில் கை கட்டுப்பாடில்லாமல் பறக்கும். கட்டைவிரலை உறையின் விளிம்பில் ஊன்றித் தள்ளினால் முதல் ஒரு செ.மீ. அமைதியாக வெளியே வரும், பிறகு உருவலாம்.

கயிற்றின் நீளம்

உட்காரும்போது பிடி இடுப்பு வாரில் இடித்தால் நீளத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

பிசிறை விட்டுவிடுவது

எரிச்சலூட்டும் தவறு இதுதான். "தீட்டினேன், கைமுடியை மழித்தது, மறுநாளே மழுங்கிவிட்டது, எஃகு மட்டம்" என்பார்கள். அடுத்து 3000, 8000 என்று நுண்மை எண் கூடி, விலையும் ஏறிய கற்கள் வீட்டுக்கு வரும். எஃகு பாவம், அதன்மேல் குற்றமில்லை.

ஒரு பக்கத்தைக் கல்லில் தேய்க்கும்போது, வெட்டுவாயின் இருபக்கச் சரிவுகளும் சந்தித்த பிறகுதான் மறுபக்கம் மெல்லிய உலோகப் பிசிறு எழும். கத்தியின் முதுகிலிருந்து வெட்டுவாய் நோக்கிக் கட்டைவிரலை வெளிப்புறமாக வருடினால் சொரசொரப்பு தட்டும். பிடியருகிலிருந்து நுனிவரை அது தட்டாமல் பக்கம் மாற்றினால், பாதிக் கத்திதான் தீட்டப்பட்டிருக்கிறது. நுனிதான் எப்போதும் விடுபடும்.

எழுப்பிய பிசிறை எடுக்காமல் விடுவது இந்தத் தவறின் அடுத்த பாதி. அந்தக் கம்பி மாதிரியான உலோகம் நேராக நிற்கும்வரை முடியை மழிக்கும். ஒரு அட்டைப்பெட்டியை வெட்டியதும் மடிந்துவிடும். 1000 கல்லில் அழுத்தத்தைப் பாதியாக்கி, பக்கத்துக்கு ஒரு இழுப்பு என்று மாற்றி மாற்றிப் பத்துத் தடவை, வெட்டுவாய் முன்னே செல்லும்படி தேயுங்கள். கடைசி இரண்டு மூன்று இழுப்பு கத்தியின் எடை மட்டும் போதும். பிறகு தீட்டும் தோல்வாரில் பக்கத்துக்குப் பத்து, இப்போது முதுகு முன்னே. முடிந்ததும் வெட்டுவாயைப் பஞ்சில் இழுத்துப் பாருங்கள். இழை சிக்கும் இடத்தில் பிசிறு மிச்சமிருக்கிறது.

கோணம் கைகொடுக்காவிட்டால் இதெல்லாம் வீண். 20 மி.மீ. அகல அலகுக்கு 20 டிகிரி வேண்டுமென்றால் முதுகு கல்லிலிருந்து சுமார் 7 மி.மீ. உயர வேண்டும். அதில் 2 மி.மீ. தவறினால் கோணம் 6 டிகிரி மாறும். 50 மி.மீ. அகலச் சமையல் கத்தியில் அதே தவறு இரண்டரை டிகிரிக்குள் அடங்கிவிடும். சமையல் கத்தி தீட்டத் தெரிந்தவர்களும் இதில் தடுமாறுவது அதனால்தான். சரிவில் மார்க்கர் மையைப் பூசி இரண்டு இழுப்பு இழுங்கள். வெட்டுவாயை ஒட்டி மை மிஞ்சினால் முதுகு தாழ்ந்திருக்கிறது.

மின்சாணை

வேண்டாம். சூட்டில் வெட்டுவாய் நீலம் பாரித்தால் அங்கே எஃகின் கடினம் போய்விட்டது.

சட்டைக்குள் மறைப்பது

பல நாடுகளில் மறைத்துவைத்த ஆயுதமாகவே கருதப்படும். உள்ளூர்ச் சட்டத்தைப் பார்த்துவிட்டு அணியுங்கள்.

வியர்வை

கார்பன் எஃகு ஒரே நாளில் துருப்பிடிக்கும். மாலையில் துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் தடவுங்கள். தோலுறை உப்பையும் ஈரத்தையும் உறிஞ்சி வைத்துக்கொள்ளும், இரவில் கத்தியை அதற்குள் விடாதீர்கள். கைடெக்ஸ் (கெட்டிப் பிளாஸ்டிக்) உறையென்றால் உள்ளே புகுந்த மணலைத் தண்ணீரில் அலசிக் காயவையுங்கள். அலகில் விழும் நீளக் கீறல்களுக்குக் காரணம் அந்த மணல்தான்.