டேட்டோனா 500: பந்தயம் கைநழுவும் இடங்கள்

அமெரிக்காவின் நாஸ்கார் கார் பந்தயத்தை முதல்முறை பார்ப்பவர்கள் பெரும்பாலும் சொல்வது, "இடது பக்கம் திருப்பிக்கிட்டே இருந்தா போதுமே!" என்பதுதான். அதன் பெரிய போட்டியான டேட்டோனா 500இல், ஃபுளோரிடாவின் டேட்டோனாவில் உள்ள 2.5 மைல் ட்ராக்கை 200 முறை சுற்ற வேண்டும். வளைவுகள் 31 டிகிரி சாய்வு என்பதால் கூட்டத்தோடு போகும் கார், ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுக்காமலே திரும்பிவிடும். அப்புறம் எங்கேதான் தோற்கிறார்கள்? என்னைக் கேட்டால், பாதிப் பேர் தோற்பது மெதுவாகப் போக வேண்டிய இடத்தில்தான்.

முதலில் பிட் ரோடு. டயர் மாற்றவும் பெட்ரோல் நிரப்பவும் உள்ளே வரும் பாதை இது. டேட்டோனாவில் இங்கே வரம்பு மணிக்கு 55 மைல். ஆனால் இந்தக் கார்களில் ஸ்பீடோமீட்டர் கிடையாது. எந்த கியரில் எஞ்சின் எத்தனை சுற்று சுற்றினால் எத்தனை மைல் வேகம் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டு வைத்துக்கொண்டு ஓட்டுகிறார்கள். தரையில் பதித்த கோடுகளுக்கு இடையே கார் கடக்கும் நேரத்தை வைத்து வேகம் கணக்கிடப்படுகிறது. இதில் ஒரு நூலளவு மிச்சம் பிடிக்கலாம் என்று எல்லா டிரைவரும் முயல்கிறார்கள், மாட்டிக்கொள்வதும் அங்கேதான். பச்சைக் கொடியில் (பந்தயம் முழு வேகத்தில் ஓடும்போது) மாட்டினால் இன்னொரு முறை பிட் ரோடு வழியாகப் போய்வர வேண்டும். மற்றவர்கள் 190 மைல் வேகத்தில் பறக்கும்போது இது ஏறக்குறைய ஒரு சுற்று இழப்பு. மஞ்சள் கொடியில் (விபத்து போன்றவற்றால் எல்லோரும் மெதுவாகப் போகும்போது) என்றால் வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும். மிச்சம் பிடித்தது அரை விநாடி கூட இருக்காது.

இன்னொன்று, கார் நிற்கும்போது செய்யும் தவறு. 2002 டேட்டோனா 500 இதற்குச் சரியான உதாரணம். சில சுற்றுகளே மிச்சம். ஸ்டெர்லிங் மார்லினை மறிக்கப் போய் ஜெஃப் கார்டன் சுழன்றுவிட்டார். மார்லின் முன்னிலைக்கு வந்தார், ஆனால் மோதலில் நசுங்கிய ஃபெண்டர் (சக்கரத்தை மூடும் தகடு) டயரோடு உரசிக்கொண்டிருந்தது. சிவப்புக் கொடி காட்டி எல்லாக் கார்களையும் ட்ராக்கிலேயே நிறுத்தினார்கள். மார்லின் என்ன செய்தார் தெரியுமா? காரை விட்டு இறங்கி, கையாலேயே ஃபெண்டரைப் பிடித்து இழுத்தார். டிவியில் ஊரே பார்த்தது. சிவப்புக் கொடியின்போது காரில் கை வைக்கக் கூடாது என்பது விதி. அவரை வரிசையின் பின்னால் அனுப்பினார்கள். வார்ட் பர்ட்டன் ஜெயித்தார். மார்லினுக்கு 8ஆவது இடம்.

கார்டன் செய்ததும் கவனிக்க வேண்டியதுதான். டேட்டோனாவில் தனிக் காரை விட, ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டிப் போகும் கார்கள் வேகமானவை. முன்னால் போகிறவர் காற்றைக் கிழித்துக் கொடுக்கிறார், பின்னால் வருகிறவர் தள்ளிக் கொடுக்கிறார். அதனால் முதலிடத்தில் இருப்பவருக்கு நிம்மதியே இல்லை. பின்னால் வருகிறவரின் வேகத்தைத் தாமதமாகக் கவனித்து, கடைசி நொடியில் குறுக்கே போனால் இரண்டு காரும் போய்விடும். 2021இல் கடைசிச் சுற்றின் மூன்றாவது வளைவில் ஜோயி லொகானோ, பிராட் கெசலவ்ஸ்கியை மறிக்க முயன்றார். இருவரும் சுவரில். பின்னால் வந்த மைக்கேல் மெக்டொவல் ஊடே புகுந்து வென்றார். 358ஆவது போட்டியில் அவருக்குக் கிடைத்த முதல் வெற்றி அது. ஸ்டாண்டின் உச்சியில் நின்று வானொலியில் வழிகாட்டும் ஸ்பாட்டர் சொன்ன பிறகும் யோசித்துக்கொண்டிருந்தால் நேரம் கடந்துவிடும்.

பெட்ரோல் கணக்கைப் பற்றி ஒரு வரி: 2017இல் சேஸ் எலியட், மார்ட்டின் ட்ரூயெக்ஸ், கைல் லார்சன் என்று முன்னால் ஓடியவர்கள் கடைசிச் சுற்றுகளில் வரிசையாகத் தடுமாற, கர்ட் புஷ் கடைசிச் சுற்றில் மட்டும் முன்னிலை பெற்றுக் கோப்பையைத் தூக்கினார்.

எல்லா ஓவல் (முட்டை வடிவ) ட்ராக்கும் டேட்டோனா அல்ல. வர்ஜீனியாவின் மார்ட்டின்ஸ்வில் அரை மைலைச் சற்றே தாண்டும் குட்டி ட்ராக், சாய்வு வெறும் 12 டிகிரி. அங்கே முதல் நூறு சுற்றிலேயே பிரேக்கைக் காய்ச்சி எடுத்துவிடுவதுதான் பெருந்தவறு. நம்ம கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் 2010இல் நாஸ்காரின் டிரக் பிரிவில் அறிமுகமானது இந்த ட்ராக்கில்தான். ஃபார்முலா ஒன்னிலிருந்து வந்தவர் முதல் முயற்சியிலேயே 13ஆவதாக முடித்தார் என்பது சின்ன விஷயமல்ல.

டேட்டோனாவிலும் அலபாமாவில் உள்ள டல்லடேகா ட்ராக்கிலும் இன்னொரு பொறி உண்டு: ட்ராக்கின் உள்விளிம்பில் இருக்கும் இரட்டை மஞ்சள் கோடு. அதற்குக் கீழே இறங்கி முந்தினால் செல்லாது. 2008 டல்லடேகாவில் ரீகன் ஸ்மித் அப்படி முந்தி முதலில் கோட்டைத் தொட்டார். வெற்றி டோனி ஸ்டூவர்ட்டுக்குப் போனது, ஸ்மித்தை 18ஆவதாகப் போட்டார்கள். தன்னைக் கீழே தள்ளினார்கள் என்று அவர் வாதாடியும் பலனில்லை. அவருடைய முதல் வெற்றி 2011இல் டார்லிங்டனில்தான் வந்தது.