குட்டி லெபர்ட் கெக்கோவ பைய பைய கைக்குப் பழக்குறது எப்படி

லெபர்ட் கெக்கோங்கிற வளர்ப்புப் பல்லியோட குட்டிய வாங்குனவுங்க முதல்ல கேக்குறது "எப்பம் கைல எடுக்கலாம்"ங்கிறதுதான், ஆனா அதுக்கு முன்ன பாக்க வேண்டியது அது சாப்பிடுதா, வெளிக்கி ஒழுங்கா போகுதாங்கிறது. இந்த ரெண்டும் சரியாகாத குட்டிய தொடவே செய்யாண்டாம். புது வீடு, புது மணம், புது சத்தம்னு அது ஏற்கெனவே வெப்ராளத்துல இருக்கும், அதுக்கு மேல ஒரு பெரிய கை மேல இருந்து எறங்கி வந்தா அதோட கணக்குல அது பருந்துதான்.

வாங்கும்போதே வளர்ப்புல பொரிச்ச குட்டியான்னு கேட்டுக்கிடுங்க, காட்டுல பிடிச்சதுன்னு சந்தேகம் வந்தாலே வேண்டாம். இத வளக்க பதிவு, பேப்பர் ஏதும் வேணுமான்னு நாகர்கோவில்ல உள்ள மாவட்ட வன அலுவலகத்துல ஒரு வார்த்த கேட்டுட்டு வாங்குங்க. ஊர்வன பாக்கத் தெரிஞ்ச டாக்டர் யாருன்னும் முன்னயே விசாரிச்சு வைங்க, நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துல கிடைக்கலன்னா திருவனந்தபுரத்துல கேட்டுப் பாருங்க.

இது நம்ம வீட்டுச் சுவர்ல ஓடுற பல்லி மாதிரி இல்ல. கண்ணுக்கு இமை உண்டு, விரல்ல சுவர ஒட்டிப் பிடிக்கிற மெத்தை கிடையாது, அதனால கண்ணாடியில ஏறாது. ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், இந்தியாவோட வடமேற்கு ஓரம்னு காய்ஞ்ச பாறைக்காட்டுல உள்ள உயிர். நமக்கோ ஜூன்ல ஒரு மழை, ஐப்பசி கார்த்திகையில இன்னொரு மழை, அதுலயும் குலசேகரம், பேச்சிப்பாற பக்கம் ரப்பர் தோட்டத்துக்குள்ள வீடுன்னா சுவரே நனைஞ்சு கிடக்கும். அதனால அத வளக்குற தொட்டிக்கு மேல கண்ணாடி மூடி போடாம கம்பி வலை மூடி போடுங்க, காத்து போய் வரும், சுவர்ப் பல்லியும் உள்ள எறங்காது (அதுகிட்ட இருந்து குடல் புழு ஒட்டிக்கிட வாய்ப்பு உண்டு). அடியில மணல் போடாண்டாம், குட்டி இரையோட சேத்து மணலையும் முழுங்கி வயிறு அடைச்சுக்கிடும், டிஷ்யூ பேப்பர் போதும். தொட்டி வச்ச மேசையோட நாலு காலையும் தண்ணிக் கிண்ணத்துல வைங்க, நம்ம ஊரு எறும்பு ஒரு ராத்திரியில குட்டிய கடிச்சு ஒருவழி பண்ணிடும்.

சூடு ரொம்ப முக்கியம். "நம்ம ஊருதான் சூடா இருக்கே"ன்னு விடாதீங்க, அதுக்கு வேண்டியது அடிவயிறுக்கு சூடு, அது கிடைச்சாத்தான் தின்னது செமிக்கும். ஒரு பக்கம் தரை 31ல இருந்து 33 டிகிரி, மறுபக்கம் 25 பக்கம். ஹீட் மேட் (கரண்டுல சூடாகுற விரிப்பு) போட்டா தெர்மோஸ்டாட் (சூடு கூடாம கட்டுப்படுத்துற கருவி) இல்லாம போடவே கூடாது, வயிறு வெந்துடும். சூட்டுப் பக்கம் ஒரு ஒளிவிடம், தணுப்புப் பக்கம் ஒண்ணு, நடுவுல நனைஞ்ச டிஷ்யூ வச்ச சின்ன டப்பா ஒண்ணு, தோல் உரிக்க அது வேணும், இல்லன்னா விரல் நுனியில பழைய தோல் இறுகிக் கிடந்து விரலே போயிடும்.

முதல் ஒரு வாரம், சில குட்டிக்கு ரெண்டு வாரமும் ஆகும், தண்ணி மாத்தவும் இரை வைக்கவும் அழுக்கு எடுக்கவும் மட்டும் கை உள்ள போனா போதும். குட்டிக்கு தினமும் இரை வேணும், மீல்வார்ம் (மாவுப் புழு), கிரிக்கெட் பூச்சி எதுவானாலும் அதோட ரெண்டு கண்ணுக்கும் இடையில உள்ள அகலத்த விட தடிமனா இருக்கக் கூடாது, கால்சியம் பொடி தூவித்தான் குடுக்கணும். தின்னாத கிரிக்கெட்ட ராத்திரி உள்ள விட்டா அது குட்டிய கடிக்கும், எடுத்துருங்க. அடுக்களக் கரப்பான் வேண்டாம், எங்க மருந்து தின்னுட்டு வந்துச்சோ தெரியாது. மின்மினிப்பூச்சி விஷம், அது பக்கத்துலயே வரக் கூடாது.

அது நல்லா சாப்பிட ஆரம்பிச்ச பிறவு, நீங்க உடுத்துன ஒரு சின்னத் துணித்துண்ட, நூல் பிரியாததா பாத்து, ஒளிவிடத்துக்குப் பக்கத்துல போடுங்க, உங்க மணம் பழகும். இது அந்தி நேரம் நடமாடுற உயிர், அதனால பகல்ல தூங்குறத எழுப்பாண்டாம், சாயங்காலம் லைட்ட கொறைச்சுட்டு கைய தொட்டிக்குள்ள தரையோட தரையா மலர்த்தி வச்சுட்டு சும்மா இருங்க. விரல் ஆட்டாண்டாம், துரத்தாண்டாம். அது வந்து நக்கிப் பாக்கும், நாக்கு வழியாவும் அதுக்கு மணம் தெரியும், நக்கிட்டு திரும்பிப் போனாலும் அன்னைக்கு வேல நடந்தாச்சு. பைய ஒரு கால் வைக்கும், பிறவு முழுசா ஏறும். ஏறுனாலும் உடனே தூக்காதீங்க, அதுவா எறங்கிப் போகட்டும். என் அபிப்பிராயத்துல இந்தக் கட்டத்துல அவசரப்படுறவுங்கதான் ஒரு பாடு குட்டிகள கெடுக்காங்க.

தூக்குறப்ப அடியில இருந்து நாலு காலும் தாங்குற மாதிரி தூக்குங்க, நீங்க தரையில உக்காந்து மடியில துவர்த்து விரிச்சுக்கிடுங்க, ஏன்னா குட்டி சட்டுன்னு சாடும். ஒரு கைல இருந்து மறு கைக்கு மாறி மாறி நடக்க விடுங்க. முதல்ல அஞ்சு நிமிஷம், பழகுன பிறவு பத்து பதினஞ்சு. சாப்பிட்ட உடனே எடுத்தா கக்கிடும், தோல் வெளுத்து உரிக்கப் போற நேரமும் வேண்டாம். வாலப் பாத்தா மனசு தெரியும்: வால தூக்கிப் பாம்பு மாதிரி மெதுவா நெளிச்சா பயந்திருக்கு, கைய எடுத்துருங்க, நுனி மட்டும் படபடன்னு அடிச்சா இரைய குறி வைக்குது. குட்டி வாயத் திறந்து கீச்சுன்னு கத்துனாலும் பயம்தான், கோவம் இல்ல. எடுக்கும் முன்னயும் வச்ச பிறவும் சோப்பு போட்டு கை கழுவணும், சால்மொனெல்லா கிருமி இருக்கலாம், அஞ்சு வயசுக்கு கீழ உள்ள பிள்ளையள் கைல குடுக்காதீங்க.

வால மட்டும் ஒருக்காலும் பிடிக்கக் கூடாது. அதுலதான் கொழுப்ப சேத்து வச்சிருக்கு, பயந்தா கழட்டி விட்டுரும். அப்படி ஆயிட்டா பதறாம டிஷ்யூ பேப்பர மாத்தி மாத்தி சுத்தமா வைங்க, கூட வேற கெக்கோ இருந்தா பிரிச்சுருங்க, நனைஞ்ச டப்பாவ கொஞ்ச நாள் எடுத்துட்டு சூட்டையும் இரையையும் கொறையாம பாத்துக்கிடுங்க. காயம் வீங்குனாலோ சீழ் வச்சாலோ டாக்டர்ட்ட போகணும். புது வால் மொட்டையா உருண்டையா வளரும், பழைய புள்ளி வராது, அது வளர்ற வரைக்கும் கைல எடுக்காண்டாம்.