அம்புக்குறிக்கு ஒரு வினைச்சொல்

மென்பொருள் வடிவமைப்பைக் கணினியில் வரையும் முன், பழைய பில்லின் பின்பக்கத்தில் பென்சிலால் பகுதிக்கு ஒன்றாகக் கட்டங்கள் போட்டு, அவற்றை அம்புக்குறிகளால் இணைத்து, ஒவ்வோர் அம்புக்குறியின் மேலும் ஒரு வினைச்சொல்லை எழுதிவிடுங்கள்.

கடலூர் முதுநகர் துறைமுகத்தில் மீன் ஏலக் கணக்குக்கு ஒரு செயலி செய்வதாக வைத்துக்கொள்வோம். ‘ஏலம்’, ‘வரவு செலவு’ என்ற இரண்டு கட்டங்களுக்கு நடுவே வெறும் கோடு இருந்தால் எல்லோரும் தலையாட்டிவிடுவார்கள். அதன் மேல் ‘தொகையை அனுப்புகிறது’ என்று எழுதிப் பாருங்கள். சிக்னல் போனால் தொகை எங்கே தங்கும், இருமுறை அனுப்பினால் வியாபாரி பெயரில் இரண்டு பற்று விழுமா என்று கேள்விகள் தாமாகக் கிளம்பும். படம் கோணலாக இருப்பதும் நல்லதுதான். புதிதாகச் சேர்ந்தவர்கூடத் தயங்காமல் அடித்துத் திருத்துவார். பளபளப்பான படமென்றால் நிறத்தைப் பற்றித்தான் பேச்சு ஓடும். முடிந்ததும் கைப்பேசியில் படமெடுத்து, தேதியிட்டு, நிரலோடு சேர்த்து வையுங்கள்.

ஒரே தரவைப் பல செயல்முறைகள் ஒரே நேரத்தில் மாற்றும் இடத்திலும், மருத்துவக் கருவிகளிலும் இது போதாது. அங்கே, மென்பொருள் வடிவமைப்பைப் படமாக வரைய 1997இல் தரமாக ஏற்கப்பட்ட யு.எம்.எல். முறையின் நிலைமாற்றப் படமோ (எந்த நிலையிலிருந்து எந்த நிலைக்கு மாறலாம் என்று காட்டுவது), கணித வழியில் சரிபார்க்கக்கூடிய மாதிரியோ வேண்டும்.