மதுரையிலிருந்து மூணாறுக்கு: முதன்முறை மலை ஏறுபவர்களுக்கு

மதுரையிலிருந்து போடி வழியாக மூணாறு ஏறத்தாழ 160 கிலோமீட்டர். மூன்று மணி நேரத்தில் போய்விடலாம் என்று கிளம்பினால் மலையில்தான் அவதிப்படுவீர்கள். போடி வரை 90 கிலோமீட்டருக்கு இரண்டேகால் மணி நேரம் ஆகும். மீதி 70 கிலோமீட்டருக்குக் குறைந்தது மூன்று மணி நேரம் வையுங்கள். மலைக்குத் திட்டம் போடும்போது கிலோமீட்டரைப் பார்க்காமல் கடிகாரத்தைப் பாருங்கள்.

முதலில் மாதம். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மூணாறில் தென்மேற்குப் பருவமழை கொட்டும்; தேவிகுளம் பக்கத்து கேப் ரோட்டில் மண் சரியும். ஐப்பசி, கார்த்திகையில் நம் பக்கத்துப் போடிமெட்டுச் சாலைக்கும் அதே கதிதான். வரையாடு பார்க்க வேண்டுமென்றால் பிப்ரவரி, மார்ச்சைத் தவிருங்கள். குட்டி ஈனும் காலம் என்பதால் இரவிகுளம் தேசியப் பூங்காவை வழக்கமாக அப்போது மூடிவிடுவார்கள். 2018-இல் அங்கே பூத்த நீலக்குறிஞ்சி இனி 2030-இல்தான். பிள்ளைகளோடு போக எனக்குப் பிடித்தது டிசம்பர் கடைசி, ஜனவரி. குளிர் நன்றாக இருக்கும், ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது வண்டி. டயர், பிரேக், வைப்பர் மூன்றையும் முந்தின வாரமே காட்டிவிடுங்கள். ஆர்சி, இன்சூரன்ஸ், புகைச் சான்றிதழ் கையில் இருக்கட்டும். வாடகைக் கார் என்றால் கேரள பர்மிட் எடுத்தாயிற்றா என்று ஓட்டுநரிடம் கேளுங்கள்.

இப்போது நேரம். காலை ஏழு மணிக்குக் கிளம்பி, உசிலம்பட்டி, ஆண்டிபட்டி கணவாய் தாண்டித் தேனியில் சாப்பிடுங்கள். இட்லி போதும், வயிறு முட்டச் சாப்பிட்ட பிள்ளைகள் நாலாவது வளைவிலேயே வாந்தி எடுப்பார்கள். போடியில் டேங்கை நிரப்பிக்கொண்டு பத்து மணிவாக்கில் மலையடிவாரமான முந்தலைத் தொட வேண்டும். ஏன் பத்து? போடிப் பக்கத்து ஊர்களிலிருந்து பெண்கள் ஜீப்களில் கேரள ஏலத்தோட்டங்களுக்குத் தினமும் வேலைக்குப் போகிறார்கள். என் சித்தியும் அப்படிப் போனவர்தான். மடியில் தூக்குவாளியோடு நெருக்கியடித்து உட்கார்ந்து போவார்கள். காலையில் அந்த ஜீப்கள் வரிசையாக ஏறும், சாயங்காலம் இறங்கும். வேலைக்குப் போகிறவர்களுக்கு அந்த நேரத்தை விட்டுக்கொடுங்கள். புதிதாக ஓட்டும் உங்களுக்கும் சாலை காலியாகக் கிடைக்கும்.

முந்தலிலிருந்து 17 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஹாரன் அடித்து, வளைவுக்குள் போகும் முன்பே கியரைக் குறையுங்கள். வளைவுக்குள் கியர் மாற்றினால் வண்டி திணறி நின்றுவிடும். இறங்குகிறவர்கள் ஏறுகிற வண்டிக்கு வழிவிட வேண்டும். போடிமெட்டு செக்போஸ்ட் தாண்டினால் கேரளா. ஆனால் பூப்பாறையிலும் மூணாறிலும் டீக்கடையில் தமிழிலேயே பேசலாம். பூப்பாறையிலிருந்து ஆனையிறங்கல், சின்னக்கானல். இது யானை நடமாடும் இடம். அரிக்கொம்பன் என்ற காட்டு யானையை 2023 ஏப்ரலில் பிடித்தது இங்கேதான். அதனால் இருட்டில் இந்த வழி வேண்டவே வேண்டாம். யானையைக் கண்டால் தூரத்திலேயே நிறுத்துங்கள். ஹாரனும் வேண்டாம், செல்ஃபியும் வேண்டாம்.

திரும்பும்போதுதான் கவனம் அதிகம் தேவை. மூணாறிலிருந்து காலை பத்தரைக்குள் கிளம்புங்கள். இறக்கத்தில் நியூட்ரலில் விடவே கூடாது. ஏறிய கியரிலேயே இறங்கினால் இஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும்; பிரேக்கை அவ்வப்போது மிதித்தால் போதும். காலை எடுக்காமல் மிதித்துக்கொண்டே வந்தால் பிரேக் சூடாகிக் கருகல் வாடை வரும், அப்புறம் பிடிக்காது. வாடை வந்தால் அகலமான இடமாகப் பார்த்து ஓரங்கட்டி, அரை மணி நேரம் ஆறவிடுங்கள். சக்கரத்தில் தண்ணீர் ஊற்றாதீர்கள், டிஸ்க் கோணிவிடும்.

மதியம் ஒன்றரைக்குள் முந்தல் வந்துவிடலாம். வெளிச்சம் இருக்கும்போதே போடிக் கடையில் ஏலக்காயைக் கையில் கொட்டிப் பார்த்து வாங்குங்கள். நல்ல பச்சை நிறமாக, உள்ளே அரிசி கறுப்பாக இருக்க வேண்டும்.