பேஸ் வரலையா? முதலில் எர்த்தைப் பாருங்கள்

கிருஷ்ணகிரி ராயக்கோட்டை ரோட்டில் கார் ஆடியோ வேலை செய்கிறேன். பெங்களூரு ஜே.சி. ரோட்டில் ஊஃபர் (பேஸ் ஸ்பீக்கர்), ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்) எல்லாம் வாங்கிக்கொண்டு நேராக என்னிடம் வரும் பசங்க நிறைய. பொருளுக்குப் பணத்தைக் கொட்டியிருப்பார்கள். வயர் என்று வரும்போது மட்டும், "ஏதாவது ஒண்ணு போட்டு விடுங்கண்ணா" என்பார்கள். எனக்கு மனசே ஆறாது. பேஸ் கம்மி, ஆம்ப் சூடு, ஊளைச் சத்தம் என்று வரும் வண்டிகளில் பெரும்பாலும் ஊஃபர் நன்றாகத்தான் இருக்கும். கோளாறு வயரிலும் எர்த்திலும், அதாவது ஆம்பின் மைனஸை வண்டியின் பாடியோடு சேர்க்கும் இணைப்பிலும் இருக்கும்.

அட்டைப்பெட்டியில் பெரிதாக அச்சடித்த வாட்டை நம்பாதீர்கள், ஆர்.எம்.எஸ்., அதாவது தொடர்ந்து தரக்கூடிய வாட், எவ்வளவு என்று பாருங்கள். 500 வாட் ஆர்.எம்.எஸ். தரும் கிளாஸ் டி ஆம்ப், முழுச் சத்தத்தில் சுமார் 45 ஆம்பியர் இழுக்கும். அதற்கு 4 கேஜ் வயர் வேண்டும், அதாவது சுமார் 21 சதுர மி.மீ. சுத்தச் செம்பாக இருக்கட்டும். ஓர் இழையை பிளேடால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரிகிறதா? அது செம்பு பூசிய அலுமினியம். அதே தடிமனில் அது செம்பு அளவுக்கு கரண்டைக் கடத்தாது.

வேலையைத் தொடங்குமுன் பேட்டரி மைனஸைக் கழற்றிவிடுங்கள். பாசிட்டிவ் வயரில், பேட்டரியிலிருந்து ஒன்றரை அடிக்குள் 60 ஆம்பியர் ஃபியூஸ் கட்டாயம். "ஆம்பிலேயே ஃபியூஸ் இருக்கே அண்ணா" என்பார்கள். அது ஆம்பைத்தான் காக்கும். பானெட்டிலிருந்து டிக்கி வரை ஓடும் வயர் வழியில் தகட்டில் உரசித் தோல் கிழிந்து பாடியைத் தொட்டால், பேட்டரியின் மொத்தக் கரண்டும் அதில் பாயும், வயர் தீப்பிடிக்கும். குடும்பத்தோடு தொப்பூர் கணவாய் இறங்கப்போகிற வண்டி அது. இந்த ஒரு விஷயத்தில் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. தகட்டுத் துளையில் ரப்பர் கிரோமெட் (துளை விளிம்பு வயரை அறுக்காமல் காக்கும் வளையம்) போட்டு, அதன் வழியாகத்தான் வயரை உள்ளே இழுக்க வேண்டும்.

இனி எர்த். வயர் ஒன்றரை அடிக்கு மேல் போகாமல், பாசிட்டிவ் வயரின் அதே தடிமனில் இருக்கட்டும். டிக்கியில் பாடியோடு சேர்ந்த கனமான தகடாகத் தேர்ந்தெடுத்து, பெயின்ட்டை முழுசாகச் சுரண்டி, இரும்பு பளிச்சென்று தெரிந்த பிறகு வயர் முனையில் லக் (வளைய முனை) வைத்து போல்ட் போடுங்கள். மேலே கொஞ்சம் கிரீஸ் தடவினால் துரு ஏறாது. சீட் பெல்ட் போல்ட்டில் எர்த் எடுக்காதீர்கள். அது உயிரைப் பிடிக்கிற போல்ட்.

செட்டிலிருந்து ஆம்புக்குப் பாட்டைக் கொண்டுபோகும் ஆர்.சி.ஏ. வயரை பவர் வயருக்கு எதிர்ப்பக்கமாக ஓட்டுங்கள். ஆம்பை ஆன், ஆஃப் செய்யும் ரிமோட் வயர், செட்டின் ஆம்ப் ரிமோட் வயரிலிருந்து வர வேண்டும். நேரடியாக பேட்டரியில் கொடுத்தால் ஆம்ப் அணையவே அணையாது, காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகாது.

ஊஃபரில் இரண்டு 4 ஓம் காயில் இருந்தால், பேரலல் கொடுத்தால் 2 ஓம், சீரீஸ் கொடுத்தால் 8 ஓம். ஆம்ப் எத்தனை ஓம் வரை தாங்கும் என்று பார்த்துவிட்டுச் சேருங்கள். அதற்கும் கீழே போனால் ஆம்ப் தன்னைக் காத்துக்கொள்ள நின்றுவிடும், புரொடெக்ட் லைட் எரியும்.

சரி, எல்லாம் கட்டியும் சத்தம் வரவில்லை. ஆம்ப் லைட்டே எரியாவிட்டால் பாசிட்டிவிலும் ரிமோட்டிலும் 12 வோல்ட் வருகிறதா என்று மீட்டரில் பாருங்கள். புரொடெக்ட் எரிந்தால் ஸ்பீக்கர் வயரைக் கழற்றி மறுபடி ஆன் செய்யுங்கள். லைட் போய்விட்டால் கோளாறு ஊஃபரிலோ அதன் வயரிலோ. 4 ஓம் காயில் மீட்டரில் மூன்றரை ஓம் சுமாருக்குக் காட்டும்; எதுவுமே காட்டாவிட்டால் காயில் போய்விட்டது.

ஓங்கி அடிக்கும்போது ஆம்ப் விட்டுவிட்டு அணைகிறதா? என்ஜினை ஓடவிட்டு, பேஸ் பலமாக ஓடும்போது மீட்டரை டி.சி.யில் வைத்து, ஒரு முனையை ஆம்பின் எர்த்திலும் மறுமுனையை நீள வயர் மூலம் பேட்டரி மைனஸிலும் வையுங்கள். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. அரை வோல்ட் தாண்டினால் எர்த்தைப் பிரித்து மறுபடி சுரண்டுங்கள். ஆம்பை மாற்றச் சொல்லி யாராவது சொன்னால், இந்தச் சோதனை முடியும் வரை பர்ஸைத் திறக்காதீர்கள். ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க ஊளைச் சத்தம் ஏறினாலும் முதல் சந்தேகம் எர்த்மேல்தான், அடுத்து ஆர்.சி.ஏ. வயர்.

கெயின் என்பது வால்யூம் இல்லை, செட்டிலிருந்து வரும் சிக்னலுக்கு ஏற்ப ஆம்பைப் பொருத்தும் திருகு. பேஸ் பூஸ்ட்டை அணைத்து, ஸ்பீக்கர் வயரைக் கழற்றி, செட் வால்யூமை முக்கால் அளவில் வைத்து 50 ஹெர்ட்ஸ் டோன் ஓடவிடுங்கள். 2 ஓமில் 500 வாட் தரும் ஆம்புக்கு, கெயினை மெல்ல ஏற்றி, ஆம்பின் ஸ்பீக்கர் முனையில் மீட்டர் ஏ.சி. 31 வோல்ட் காட்டியதும் திருகுவதை நிறுத்துங்கள். பேஸை மட்டும் ஊஃபருக்கு விடும் லோ பாஸை 80 ஹெர்ட்ஸில் வையுங்கள். ஸ்பீக்கர் வயரை மாட்டிய அப்புறமும் பேஸ் மெலிந்து கேட்டால் ஃபேஸ் சுவிட்சை 180 டிகிரிக்குத் தள்ளி, டிரைவர் சீட்டில் உட்கார்ந்து கேளுங்கள். எதில் கனமாக விழுகிறதோ அதில் விட்டுவிடுங்கள்.