ஸ்பிட்ஃபயர் ரோட்டில் அலைபாய்கிறதா? அலைன்மெண்ட்டைக் கடைசியில் பாருங்கள்

டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்ற பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்கள் சொல்லும் புகார் பெரும்பாலும் ஒன்றுதான். ஸ்டியரிங்கை நேராகப் பிடித்திருந்தாலும் வண்டி தன்னிஷ்டத்துக்கு இடமும் வலமும் போகிறது, பக்கத்தில் லாரி கடந்தால் தூக்கிப் போடுகிறது, வளைவில் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் பின்பக்கம் வழுக்கப் பார்க்கிறது. உடனே எல்லாரும் வீல் அலைன்மெண்ட் கடைக்குத்தான் ஓடுகிறோம். நானும் ஓடினேன். என்னுடையது 1978 மாடல் 1500. லேசர் மெஷினில் ஏற்றி, பச்சைக் கோடு போட்ட தாள் ஒன்றைக் கையில் கொடுத்துப் பணத்தை வாங்கிக்கொண்டார்கள். வீடு திரும்பும் வழியிலேயே வண்டி பழையபடி அலைந்தது. அலையாமல் என்ன செய்யும்? ஆடிக்கொண்டிருக்கும் பாகத்தை அளந்தால், அளந்த நேரத்தில் அது எங்கே நின்றதோ அந்தக் கணக்குதான் வரும். பிரேக் போட்டதும் அது வேறு இடத்துக்குப் போய்விடும்.

அதனால் முதலில் ஆட்டத்தை எல்லாம் ஒழிக்க வேண்டும், அலைன்மெண்ட் அதற்கு அப்புறம்தான்.

டயரிலிருந்து தொடங்குங்கள், காசு செலவில்லாத இடம் அது. 155 அகல 13 அங்குல டயருக்குக் கையேடு சொல்வது முன்னால் 21, பின்னால் 26 பி.எஸ்.ஐ. நவீன கார் பழக்கத்தில் நாலு டயரிலும் 30 அடித்து வைத்தால் இந்த எடை குறைந்த வண்டி துள்ளிக்கொண்டுதான் போகும். முன்னைவிடப் பின்னால் காற்று அதிகம் என்ற அந்த வித்தியாசமும் முக்கியம், அதை மாற்றாதீர்கள். டயர் பக்கவாட்டில் நாலு இலக்கத் தேதி இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். கொஞ்சமாக ஓடும் வண்டி என்பதால் பட்டன் தேயாமலே ரப்பர் கல்லாகிவிடும். பத்து வருடம் தாண்டியிருந்தால் மற்றதையெல்லாம் பார்ப்பதற்கு முன் டயரை மாற்றுங்கள். வண்டி ஒரே பக்கம் இழுத்தால் முன் டயர் இரண்டையும் இடம் மாற்றிப் போட்டு ஓட்டுங்கள். இழுப்பும் பக்கம் மாறினால் குற்றவாளி டயர்தான்.

அடுத்து முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகவே கூடாது. சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் யாரையாவது பிரேக் மிதிக்கச் சொல்லிவிட்டு மறுபடி ஆட்டுங்கள். இப்போது ஆட்டம் நின்றுவிட்டால் வீல் பேரிங், நிற்காவிட்டால் மேலே பால் ஜாயிண்ட் அல்லது கீழே டிரன்னியன். இடம் வலமாகப் பிடித்து ஆட்டும்போது மட்டும் ஆடினால் டை ராட் எண்ட் (சக்கரத்தைத் திருப்பும் கம்பியின் முனை) அல்லது ஸ்டியரிங் ரேக் (அந்தக் கம்பிகளை இடம் வலமாகத் தள்ளும் பல் தண்டு). பேரிங் என்றால் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே நட்டை லேசாக இறுக்கி, பிறகு நட்டின் ஒரு முகம் அளவு (ஆறில் ஒரு சுற்று) தளர்த்தி, புது ஸ்ப்ளிட் பின் போடுங்கள். இந்த பேரிங்கை முழுக்க இறுக்கி வைத்தால் சூடேறிப் போய்விடும், மயிரிழை ஆட்டம் இருக்கத்தான் வேண்டும்.

டிரன்னியனைப் பற்றி மட்டும் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். சக்கரத்தைத் தாங்கும் செங்குத்து இரும்புத் தண்டின் கீழ்முனையில் மரை இருக்கும், அது ஒரு பித்தளைக் கட்டைக்குள் திருகி நிற்கும், அந்தக் கட்டைதான் டிரன்னியன். ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் இந்த மரைதான் சுழல்கிறது. இதற்கு கிரீஸ் கூடாது, ஈ.பி. 90 கியர் ஆயில்தான். கிரீஸ் இறுகி மரைக்குப் போகாமல் நின்றுவிடும், உள்ளே தண்ணீர் இறங்கும், தண்டு துருப்பிடித்து ஒரு நாள் உடையும், சக்கரம் மடிந்து விழும். எதிரே வண்டி வரும்போது அது நடந்தால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். 1959-இல் வந்த ஹெரால்டின் சேசிஸிலிருந்து பிறந்த வண்டி இது. அதே ஹெரால்டைத்தான் சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் தயாரித்தது. ஆகவே அப்பாவோ மாமாவோ ஸ்டாண்டர்டு ஹெரால்டு வைத்திருந்தால் அவர்களைக் கேளுங்கள், இந்தப் பாடம் அவர்களுக்கு நன்றாகவே தெரிந்திருக்கும்.

என் வண்டியில் இடதுபக்க டிரன்னியனின் ஆயில் பிளக்கைக் கழற்றியபோது ஆயிலுக்குப் பதில் டீ நிறத்தில் இரண்டு சொட்டுத் தண்ணீர் வந்தது. அன்றைக்கே இரண்டு பக்கமும் தண்டையும் டிரன்னியனையும் சேர்த்து மாற்றினேன். இடதுபக்கம் இடதுகை மரை, வலதுபக்கம் வலதுகை மரை. கலந்து ஆர்டர் போட்டுவிடாதீர்கள். முழுக்கத் திருகி உட்கார வைத்துவிட்டு, ஸ்டியரிங் இரண்டு பக்கமும் முழு லாக் வரை, அதாவது திரும்பும் கடைசி எல்லை வரை, தடையில்லாமல் திரும்புமளவு மட்டும் பின்னால் திருகுங்கள். பிளக் இருந்த இடத்தில் நிப்பிள் போட்டு, ஆயில் நிரப்பிய கன்னால் மேலே கசியும்வரை அடியுங்கள். கசிந்தால்தான் போய்ச் சேர்ந்தது என்று அர்த்தம். பிரிட்டனில் 40 வருடம் தாண்டி, பெரிதாக மாற்றம் செய்யாத கார்களுக்கு வருடாந்தர எம்.ஓ.டி. என்ற வாகனத் தகுதிச் சோதனை கட்டாயமில்லை. நல்லதுதான், ஆனால் நீங்களே பார்க்காவிட்டால் இதை வேறு யாரும் பார்க்கப் போவதில்லை.

ஸ்டியரிங் ரேக்கைச் சேசிஸோடு பிடித்திருப்பது இரண்டு ரப்பர் கட்டைகள். எஞ்சினிலிருந்து ஒழுகும் ஆயிலில் ஊறி அவை அல்வா மாதிரி ஆகிவிடும். ஒருவர் ஸ்டியரிங்கை இப்படியும் அப்படியும் ஆட்டட்டும், நீங்கள் பானட்டைத் திறந்து ரேக்கைப் பாருங்கள். ரேக் முழுவதுமாகப் பக்கவாட்டில் நகர்ந்தால் வண்டி அலைவதற்குப் பாதிக் காரணம் கிடைத்துவிட்டது. புது ரப்பர் போடுங்கள். அலுமினியக் கட்டையும் கிடைக்கிறது, ஆனால் ரோட்டின் ஒவ்வொரு சிறு கல்லும் கையில் தெரியும். எனக்குப் பிடிக்கவில்லை.

இனி பின்பக்கம். வளைவில் பயமுறுத்துவது இதுதான். பின் ஆக்ஸில் தண்டுக்கு டிஃபரென்ஷியல் (இரண்டு பின் சக்கரங்களுக்கும் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் நடுப் பெட்டி) பக்கம் ஒரே ஒரு ஜாயிண்ட், வெளிப்பக்கம் சக்கரம் தண்டோடு செங்குத்தாக நிற்கும். வளைவில் காலை எடுத்தால் பாரம் முன்னால் போகும், பின்பக்கம் எழும்பும், சக்கரத்தின் அடிப்பாகம் உள்ளே மடிந்து டயர் வெளி ஓரத்தில் நிற்கும், பிடி போய்விடும். 1970-ஆம் வருடக் கடைசியில் வந்த மார்க் 4 மாடலிலிருந்து கமான் பட்டையை ஊசலாடும்படி மாற்றி இதை வெகுவாகக் குறைத்தார்கள். ஆனால் யாரோ பழைய மாடல் கமானைப் போட்டிருந்தாலோ, புதிதாகப் போட்ட கமான் பின்பக்கத்தை உயரத் தூக்கி வைத்திருந்தாலோ பழைய வியாதி திரும்பிவிடும். பின்னால் நின்று பாருங்கள்: பாரம் ஏற்றிய நிலையில் பின் சக்கரங்கள் மேல்பக்கம் லேசாக உள்ளே சாய்ந்திருக்க வேண்டும். வெளியே சாய்ந்திருந்தால் அதைச் சரிசெய்யாமல் வேகம் போகாதீர்கள்.

ஆக்ஸிலேட்டர் அழுத்தினால் ஒரு பக்கம், விட்டால் மறுபக்கம் என்று வண்டி போனால் ரேடியஸ் ஆர்ம் என்ற கம்பிகளின் முனையில் இருக்கும் ரப்பர் புஷ்களைச் சந்தேகப்படுங்கள். பின் சக்கரம் முன்னும் பின்னும் நகராமல் பிடிப்பவை அவை. தேய்ந்தால் பின் சக்கரமும் ஸ்டியரிங் செய்ய ஆரம்பித்துவிடும். அந்த ஆர்மின் முன்முனை சேசிஸில் இல்லை, பாடித் தகட்டில் போல்ட் போட்டிருக்கிறது. அந்த இடத்தை ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். உள்ளே இறங்கினால் முதலில் வெல்டிங், மற்றதெல்லாம் பிறகு.

புஷ்கள் மாற்றும்போது எல்லாரும் செய்யும் தப்பு ஒன்று: சக்கரம் தொங்கும்போதே போல்ட்டை இறுக்குவது. ரப்பர் முறுக்கிக்கொண்டு நிற்கும், வண்டி உயரமும் மாறும், சீக்கிரம் கிழியும். நாலு சக்கரத்துக்கும் கீழே ஒரே உயரத்தில் கெட்டியான மரக்கட்டை வைத்து, ஒவ்வொரு சீட்டிலும் ஆள் எடை, அதாவது 68 கிலோ ஏற்றி, வண்டியை முன்னும் பின்னும் உருட்டிவிட்டு அப்புறம் இறுக்குங்கள். நான் தமிழ்க் கடையில் ஆறு 20 கிலோ அரிசி மூட்டை வாங்கினேன், சீட்டுக்கு மூன்று, மிச்சத்துக்கு டூல்பாக்ஸ். "வீட்டில் விசேஷமாண்ணா?" என்று கேட்டார் கடைக்காரத் தம்பி. கிட்டத்தட்ட ஆமாம்.

மூட்டைகள் சீட்டிலேயே இருக்கட்டும், வண்டியைச் சமதளத்தில் இறக்குங்கள். இப்போது அலைன்மெண்ட், தூண்டில் நரம்பு போதும். வண்டியின் இரண்டு பக்கமும் முன்னும் பின்னும் ஸ்டாண்ட் வைத்து, சக்கர நடு உயரத்தில் நரம்பை இழுத்துக் கட்டுங்கள். நிறையப் பேர் கோட்டைவிடும் இடம் இது: 1500-இல் முன் சக்கரங்களுக்கு இடையிலான அகலம் 49 அங்குலம், பின்னால் 50. அதனால் பின் சக்கர நடுவிலிருந்து நரம்பு 100 மி.மீ. தள்ளியிருந்தால் முன் சக்கர நடுவிலிருந்து 112.7 மி.மீ. இருக்க வேண்டும், இரண்டு பக்கமும். எல்லா இடத்திலும் ஒரே தூரம் வைத்தால் கணக்கு ஆரம்பத்திலேயே தப்பு. ரிம்மின் முன் ஓரத்துக்கும் பின் ஓரத்துக்கும் நரம்பிலிருந்து உள்ள தூரத்தை அளந்து, சக்கரத்தை அரைச் சுற்று உருட்டி மறுபடி அளந்து சராசரி எடுங்கள். ரிம் லேசாக வளைந்திருந்தாலும் ஏமாற மாட்டீர்கள்.

பின் சக்கரத்தை முதலில் சரிசெய்யுங்கள். ரேடியஸ் ஆர்ம் பிராக்கெட்டுக்கும் பாடிக்கும் நடுவே ஷிம் தகடுகள் இருக்கும். தகட்டை எடுத்தால் சக்கரம் முன்னால் வந்து உட்பக்கம் திரும்பும், சேர்த்தால் எதிர்ப்பக்கம். நான் இரண்டு பக்கமும் நேராக, பூஜ்ஜியத்தில் வைத்திருக்கிறேன். முன்னால் கேம்பருக்கும், அதாவது சக்கரத்தின் மேல்பக்கம் உள்ளேயோ வெளியேயோ சாயும் அளவுக்கும், ஷிம்தான், கீழ் விஷ்போன் (சக்கரத்தைத் தாங்கும் V வடிவக் கை) பிராக்கெட்டுகளுக்குப் பின்னால். இரண்டிலும் சமமாகச் சேர்த்தால் சக்கரத்தின் மேல்பக்கம் உள்ளே சாயும். பின் பிராக்கெட்டில் மட்டும் சேர்த்தால் காஸ்டர் (சக்கரம் திரும்பும் அச்சு பின்னோக்கிச் சாயும் கோணம்) கூடும், ஸ்டியரிங் தானாக நேர் வரும் குணமும் கூடும்.

முன் டோ-இன், அதாவது முன் சக்கரங்களின் முன் ஓரம் உட்பக்கம் திரும்பியிருக்கும் அளவு, கடைசி. கையேட்டில் மொத்தம் 1.6-இலிருந்து 3.2 மி.மீ. வரை, என் வண்டி 1.6-இல்தான் அமைதியாக ஓடுகிறது. ஸ்டியரிங்கை ஒரு லாக்கிலிருந்து மறு லாக்குக்குச் சுற்று எண்ணி, பாதியில் நிறுத்திக் கட்டிவையுங்கள். முன் சக்கரங்களுக்கு அடியில் நடுவே கிரீஸ் தடவிய இரண்டு வினைல் டைல்களை வைத்தால் டயர் தரையைப் பிடிக்காமல் திரும்பும். டை ராடின் லாக் நட்டையும் ரேக் பூட்டின் (ரேக் முனையை மூடும் ரப்பர் உறை) கிளிப்பையும் தளர்த்தி, டை ராடைக் கால் சுற்று திருப்புங்கள், அளங்கள், மறுபடி திருப்புங்கள். கிளிப்பைத் தளர்த்தாவிட்டால் பூட் முறுக்கிக் கிழியும். இரண்டு பக்கமும் சமமாகத் திருப்பினால் ஸ்டியரிங் கோணாது.

ஓட்டிப் பார்க்கும்போது முதலில் 30 மைல் வேகத்தில், காலி ரோட்டில். ஸ்டியரிங் கொஞ்சம் கோணலாக இருந்தால் ஸ்டியரிங் வீலைக் கழற்றி வேறு பல்லில் மாட்டத் தோன்றும், வேண்டாம். ஒரு டை ராடைச் சுருக்கிய அதே அளவு மற்றதை நீட்டுங்கள். 200 மைல் ஓடியதும் ஷிம் போல்ட்டுகளை மறுபடி ஸ்பானர் வைத்துப் பாருங்கள். எனக்கு இரண்டு போல்ட் கால் சுற்று ஏற்றுக்கொண்டது.